எண்ணெய் படாத தட்டு

போன வாரத் தொடரில் நாடகக் கதாநாயகியை மாடிப்படி உச்சியில், கும்மிருட்டில், மேடை விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்திவிட்டு நான் பாட்டுக்குப் பேனாவை மூடிவிட்டேன். அதற்காக என் வீட்டிலேயே என்னோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சரி, முதலில் அந்தப் பாவத்தைத் தொலைத்துவிடுகிறேன். கதாநாயகி விழவில்லை. விளக்கு வந்ததும் கீழே எட்டிப் பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்து, "யாராவது தண்ணி குடுங்க" என்றாள்.

ஒத்திகையில் இதெல்லாம் சகஜம் என்று எல்லாரும் கலைந்துபோனார்கள். சக்கரம் வைத்த அந்தப் படியை இருட்டில் இழுத்துக்கொண்டு வந்த நம் மின்னல் மட்டும் அங்கேயே நின்றாள். கை தவறவில்லை, கண்தான் தவறியது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மின்னல் என்பது அப்பா வைத்த பட்டப்பெயர். ஆள் ஒல்லிக்குச்சி. நடக்கிறாளா ஓடுகிறாளா என்று சொல்ல முடியாத வேகம். நாடகக் கொட்டகையில் திரைக்குப் பின்னால் வேலை. சாமான் தூக்குகிறவளாகச் சேர்ந்து, இந்த நாடகத்தில்தான் முதன்முதலாக மேடைப் பொறுப்பு முழுக்க அவள் கைக்கு வந்திருக்கிறது. இன்று மத்தியானம் முதல் காட்சி.

பிறந்ததிலிருந்து கூடவே வருகிற இன்னொன்று சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். உடம்புக்குள் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டிய சுரப்பெல்லாம் பசைபோல் கெட்டியாகிவிடுகிற வியாதி. நுரையீரலில் சளி கட்டும். கணையத்தின் வழியும் அடைத்துக்கொள்ளும், கொழுப்பைச் செரிக்க வேண்டிய என்சைம் குடலுக்கு வந்து சேராது. அதனால் சாப்பிடும்போதெல்லாம் என்சைம் மாத்திரை, அதோடு வைட்டமின் மாத்திரை, காலையில் சளி எடுக்கிற மூச்சுப் பயிற்சி. இருபத்தேழு வருஷமாக அவளுக்கு இதெல்லாம் பல் தேய்க்கிற மாதிரி.

இருட்டில் கண் தெரியாமல்போனது மட்டும் புதுசு. வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோர்ப்பாள். விளக்கை அணைத்தால் சுவரும் தெரியாது, வாசலும் தெரியாது. யாரிடமும் சொல்லாமல் கண் டாக்டரிடம் போய், ரத்தமும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ரிசல்ட் இன்றைக்கு. 'கண் போயிடுமோ?' இந்த ஒரு கேள்வியை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் அவள் இன்று காலை சாப்பாட்டு மேஜைக்கு வந்தாள்.

அங்கே ஏற்கெனவே போர் ஆரம்பித்திருந்தது.

"இதுக்குப் பேரு என்னம்மா?" என்று அப்பா கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

"காய்கறி சூப், மாமா."

"அப்படியா! பாத்திரம் கழுவின தண்ணியை மாத்தி வச்சுட்டியோன்னு நினைச்சேன்."

"கிண்டலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. குடிங்க" என்றாள் அண்ணி.

அண்ணி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் அதே குரல்தான். அண்ணன் சரக்கு ரயில் ஓட்டுகிறவர், இந்த வாரமும் தண்டவாளத்தில்தான் இருக்கிறார். ஆகவே வீட்டில் அண்ணியை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் அவருக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் ஆனதும் அண்ணி செய்த முதல் வேலை, வீட்டில் இருந்த எண்ணெய், வெண்ணெய் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்கு நாடு கடத்தியது. டாக்டர் 'குறைச்சுக்கோங்க' என்றுதான் சொன்னார். அண்ணிக்குக் குறைப்பதெல்லாம் தெரியாது. ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம்.

அப்பா முதலில் பட்டினி கிடந்தார். "நான் மட்டும் ஆஸ்பத்திரி சாப்பாடு, நீங்கல்லாம் விருந்தா? எனக்கு வேணாம்" என்று தட்டைத் தள்ளினார். கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். மனுஷன் மசியவில்லை. அப்போதுதான் மின்னல் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்க தட்டுல என்னவோ அதேதான் என் தட்டுலயும். நீங்க விட்டா நானும் விடுவேன். சரியா?"

கையில் அடித்துச் சத்தியம். அண்ணிக்கு அப்போதே உறுத்தியது. "ஏய், உனக்குக் கொழுப்பு வேணும்னுதானே டாக்டருங்க சொல்லுவாங்க?" என்று கேட்டாள். "அதான் வைட்டமின் மாத்திரை போடுறேனே, அண்ணி. கேட்டுட்டேன், பரவாயில்லன்னு சொல்லிட்டாங்க" என்று மின்னல் சொல்லிவிட்டாள். கேட்கவே இல்லை. கழுதை, வாய் கூசாமல் பொய் சொன்னது.

ஆனால் அவளுக்கும் ஒரு நியாயம் இருந்தது. எண்ணெயை விட்டதும் வயிறு சமர்த்தாகிவிட்டது. வலி இல்லை, உப்புசம் இல்லை, பாதி வேலையில் கழிவறைக்கு ஓட வேண்டியதில்லை. கொழுப்பே இல்லாதபோது எதற்கு இத்தனை என்சைம் என்று அதையும் குறைத்தாள். ஆஹா, வியாதியே குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். ஒத்திகை வேறு நெருக்கியது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள்களைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். ஆள் இன்னும் இளைத்ததை வேலை அலைச்சல் என்று அவளும் சொன்னாள், கொட்டகையும் சொன்னது.

இதுதான் கதை இதுவரை. இனிமேல் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

"இன்னைக்கு எந்தச் சட்டை போட்டுக்கட்டும்?" அப்பா சூப்பை மறந்து கேட்டார். "நீலமா, கோடு போட்டதா? மூணாவது வரிசையாச்சே, எல்லாரும் பார்ப்பாங்களே!"

"மேடையை விட்டுட்டு உங்களையா பார்க்கப் போறாங்க?" என்றாள் அண்ணி.

"மேடைப் பொறுப்பாளரோட அப்பான்னா சும்மாவா?"

மின்னல் சிரித்தாள். வைட்டமின் மாத்திரையைப் பால் விடாத டீயில் விழுங்கிவிட்டு, தினமும்போல் வாசலைத் தாண்டி ஓடினாள்.

*

கொட்டகையில் வெளியே வெயில் கொளுத்தினாலும் மேடைப் பக்கவாட்டில் எப்போதும் இருட்டுதான். அங்கே நுழைந்ததும் மின்னல் நின்றுவிட்டாள். கறுப்புத் துணியை முகத்தில் போட்டதுபோல் இருந்தது.

"வாங்கக்கா, ஒட்டியாச்சு பாருங்க" என்று ஒரு குரல். மேடைத் தச்சன். ஆள் நெட்டையாக, தலை மட்டும் பெரிதாக இருப்பதால் 'ஆணி' என்று கூப்பிடுவார்கள். "மாடிப்படி போற வழி பூரா ஒளிர்ற டேப்பு. சும்மா பளபளன்னு இருக்குல்ல?"

மின்னல் குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. பளபளப்பும் இல்லை, வழியும் இல்லை. இருட்டில் விளக்கில்லாமல் தெரிவதற்கென்றே செய்த டேப் அவளுக்குத் தெரியவில்லை.

"நல்லா இருக்கு ஆணி" என்றாள்.

விஷயம் சாதாரணமில்லை. நாடகத்தில் பாதி வீடு அந்த மாடிப்படிதான். முதல் பாதியில் ஓரிடத்தில் விளக்கெல்லாம் அணையும். சக்கரம் வைத்த அந்தப் படியை ஆணியும் மின்னலும் தள்ளி, அப்படியே திருப்பி நிறுத்த வேண்டும். முன்னால் வழி பார்த்து இழுப்பது மின்னல், பின்னாலிருந்து முட்டுக் கொடுப்பது ஆணி. கதாநாயகி அதன் உச்சியில் நின்றுகொண்டே இருப்பாள். விளக்கு வரும்போது படியின் மறுபக்கம், வேறொரு வீடு. பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டும். மின்னலுக்குக் கண் தெரியாவிட்டால் வேறு எதையோ பார்த்து வாயைப் பிளப்பார்கள்.

சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரி டயட்டீஷியன், மின்னலைக் குழந்தையிலிருந்து தெரிந்தவர். மின்னல் வெளிச்சமான தாழ்வாரத்துக்கு ஓடினாள்.

"ரிசல்ட் வந்துடுச்சும்மா. உக்கார்ந்திருக்கியா?"

"நின்னுட்டிருக்கேன். சொல்லுங்க மேடம், கண்ணு போயிடுமா?"

"யாரு சொன்னது உனக்கு? கண்ணுக்குள்ள கெடுதல் ஒண்ணும் இல்லன்னு கண் டாக்டர் எழுதியிருக்காங்க. உன் வைட்டமின் ஏ தரையில கிடக்கு. டி அதுக்கும் கீழ. ஏ குறைஞ்சா முதல்ல போறது இருட்டுப் பார்வைதான். மாத்திரை ஒழுங்கா போடுறியா, இல்லையா?"

"ஒரு நாள் விட்டதில்ல மேடம். சத்தியமா."

"எதோட போடுற?"

"டீயோட. பால் விடாம."

"சாப்பாடு?"

"வேகவச்ச காய், பழம், சூப்பு, ரொட்டி..."

"வெண்ணெய்? எண்ணெய்? முட்டை மஞ்சள்?"

மின்னல் ஒரு வருஷத்துத் தட்டுகளை மனசில் ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். எதுவும் இல்ல மேடம். ஒரு வருஷமா ஒரு சொட்டுகூட இல்ல. அப்பாவுக்கு ஹார்ட் ஆபரேஷன்... நானும் அவரோட சேர்ந்து..."

"என்சைம்?"

"கொழுப்பே இல்லையேன்னு... குறைச்சுட்டேன்."

"அடிப்பாவி!" அந்த அம்மாள் உத்தியோகத்தை மறந்து கத்திவிட்டார். "ஏ, டி, ஈ, கே நாலும் கொழுப்புங்கிற வண்டி வந்தாதானே ஏறும்? நீ வண்டியே விடாம, தினமும் பயணிகளைக் கொண்டுவந்து ஸ்டாண்டுல நிறுத்தியிருக்க. ஏறாம வந்த வழியே போயிருக்காங்க. உனக்கு இதை நான் எத்தனை வருஷமா பாடமா நடத்தியிருக்கேன்?"

"வயிறு நல்லா இருந்துச்சே மேடம். வலியே இல்ல."

"பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களே இல்லன்னா சத்தம் இருக்காதுதான். அதுக்குப் பேரு ஒழுங்கா?"

மின்னலுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. "மேடம், அப்போ சரியாயிடுமா? மறுபடி தெரியுமா?"

"தெரியும்மா. சீக்கிரம் கண்டுபிடிச்சாச்சு. நாளைக்குக் காலைல வந்துடு, டாக்டர் எவ்வளவுன்னு சொல்லுவாங்க. நீயா மாத்திரையை அள்ளிப் போட்டுக்காதே, ஏ கூடினாலும் ஆபத்துதான். காயம் பட்டா ரத்தம் நிக்க நேரமாகுதான்னும் பார்க்கணும், அது கே-யோட வேலை. இன்னைக்கே சாப்பாட்டுல கொழுப்பைச் சேர்த்துக்கோ. முதல் வாயோட என்சைம், அதோடயே வைட்டமின். மூணும் ஒண்ணா. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது, புரிஞ்சுது!"

"உங்க அப்பாவுக்கும் இவ்வளவு கெடுபிடி தேவையில்ல. அவரையும் ஒரு நாள் கூட்டிட்டு வா. அப்புறம் இன்னொண்ணு. சரியாகுற வரைக்கும் இருட்டுல எதையும் தள்ளாதே, தூக்காதே, வண்டி ஓட்டாதே."

"இன்னைக்கு மத்தியானம் மட்டும், மேடம், ஒரே ஒரு..."

"மின்னல்!"

"சரி மேடம்."

ஃபோனை வைத்ததும் அவள் தாழ்வாரத்தில் ஒரு குதி குதித்தாள். கண் போகாது! சாகும்வரை வெளிச்சம் இருக்கும், இருட்டும் இருக்கும், இருட்டில் ஒளிர்கிற டேப்பும் இருக்கும்! சுத்தியலோடு அந்தப் பக்கம் வந்த ஆணியைக் கட்டிப்பிடித்தாள்.

"என்னக்கா, சம்பளம் ஏத்திட்டாங்களா?"

"கண்ணு போகலடா!"

"எங்க போகல?" என்று அவன் விழித்தான்.

பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. சந்தோஷம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மத்தியானக் காட்சி பூதமாக எதிரில் நின்றது. முதலில் அண்ணியைக் கூப்பிட்டாள். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

மறுமுனையில் சத்தமே இல்லை. அண்ணி வாழ்க்கையில் இப்படி மௌனமாக இருந்தது கல்யாண ஃபோட்டோவில் மட்டும்தான்.

"அண்ணி?"

"பொய் சொன்னியேடி என்கிட்ட." குரல் உடைந்திருந்தது. "நான்தானே சமைச்சேன்? என் கையால சமைச்சு, என் கையால போட்டு, உன் கண்ணை நானே... ஏண்டி, நான் உனக்கு யாரு?"

"அண்ணி, நான்தான் தப்பு. நீங்க கேட்டீங்க, நான்தான்..."

"வாயை மூடு. இப்ப ஏதாவது தின்னியா?"

"இல்ல."

"இரு, வரேன். மாமாவுக்கு இப்ப சொல்லாதே. நெஞ்சு தாங்காது. நாடகம் முடியட்டும்."

ஒரு வருஷமாக எண்ணெய்ப் பக்கமே போகாத அண்ணி கடையில் போய் வெண்ணெய் கேட்டாள். எவ்வளவு என்று கேட்ட கடைக்காரனைப் பார்த்து, "பெருசா குடுங்க, இருக்கறதுலயே பெருசா" என்றாள். அதைக் கைப்பைக்குள் திணித்து, மேலே கைக்குட்டை போட்டு மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மாமனார் கோடு போட்ட சட்டையில் தயாராக நின்றிருந்தார்.

"என்னம்மா, பை இவ்வளவு கனமா இருக்கு?"

"பரீட்சைத் தாள், மாமா."

"நாடகத்துக்கா?"

"இடைவேளையில திருத்துவேன்" என்றாள் அண்ணி. இந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் பொய் சரளமாக வருகிறது என்று உங்களுக்குத் தோன்றினால், பொறுங்கள், இன்னும் இருக்கிறது.

*

டைரக்டர் அம்மாளுக்குக் கொட்டகையின் கடைசி வரிசை வரை மைக் இல்லாமல் குரல் எட்டும். மின்னல் சொன்னதைக் கேட்டு முடித்ததும் அந்தக் குரல் கடைசி வரிசையில் மோதித் திரும்பி வந்தது.

"இருட்டுல கண்ணு தெரியாமலா என் ஹீரோயினை உச்சியில வச்சுத் தள்ளிட்டிருந்த?"

"ஆமாம் மேடம்."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசமா. பழக்கத்துல சமாளிச்சிடலாம்னு நினைச்சேன். சொன்னா பொறுப்பை வேற யாருக்காவது குடுத்துடுவீங்கன்னு பயம். சொல்லாதது தப்பு. இன்னைக்குத் தள்ளமாட்டேன் மேடம். வேலையை விட்டுத் தூக்கினாலும் சரி."

கதாநாயகி ஒரு பக்கம் முகத்தில் பவுடரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பவுடரையும் மீறி அவள் வெளுத்தது தெரிந்தது. "போன வாரம் நான் விழுந்திருந்தா?" என்றாள் மெதுவாக. மின்னலுக்கு அந்த மெதுவான குரல்தான் டைரக்டர் அம்மாளின் சத்தத்தைவிடச் சுட்டது.

"உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறதைத் தவிர எனக்கு வேற வார்த்தை இல்ல" என்றாள்.

ஆணி தலையைச் சொறிந்தான். "நான் வேணா முன்னால இழுக்கட்டுமா மேடம்?"

"நீ இழுத்தா முட்டுக் குடுக்கறது யாரு, உங்க தாத்தாவா? ரெண்டு பேர் சேர்ந்து பழகின வேலைடா இது. புதுசா ஒருத்தனை இருட்டுல விட்டா அவனும் விழுவான், இவளும் விழுவா." டைரக்டர் அம்மாள் மேடையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். வெளியே சனங்கள் வரும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முடிந்தது, இந்த மேடை இனி தனக்கில்லை என்றே மின்னல் நினைத்துவிட்டாள்.

டைரக்டர் அம்மாள் திடீரென்று நின்றார்.

"வெளிச்சத்துல தெரியுமா உனக்கு?"

"ஊசி கீழ விழுந்தா எடுப்பேன் மேடம்."

"அப்போ எதுக்கு இருட்டு?"

விளக்குக்காரர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். "மேடம், திருப்பறதை ஜனங்க பார்த்துடுவாங்களே!"

"பார்க்கட்டுமே! அவ வீட்டை விட்டுப் போறதா வேணாமான்னு தவிச்சிட்டு மேல நிக்கிறா. வீடே அவளைத் தூக்கிட்டுச் சுத்தட்டும். எல்லாரும் கண்ணால பார்க்கட்டும். விளக்கை அணைக்காதே, ஏத்து. இருக்கற விளக்கெல்லாம் ஏத்து!" பிறகு கதாநாயகியிடம் திரும்பினார். "உனக்குச் சம்மதமா? உச்சியில நிக்கப்போறது நீதான்."

கதாநாயகி மின்னலை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வெளிச்சத்துல இவளை நம்புவேன்" என்றாள். "ஆனா மின்னல், இனிமே என்கிட்ட எதையாவது மறைச்ச, கீழ குதிச்சு உன்னைக் கொன்னுடுவேன்."

மின்னல் தலையாட்டினாள்.

*

கொட்டகை நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் கோடு போட்ட சட்டை. பக்கத்தில் மடியில் பையைக் குழந்தைபோல் வைத்துக்கொண்டு அண்ணி.

கதாநாயகி படியேறினாள். உச்சியில் நின்றாள். வழக்கமாக விளக்கு அணைகிற இடம் வந்தது. அணையவில்லை. ஒவ்வொன்றாக ஏறியது. மேடை மத்தியான வெயில் மாதிரி ஆனது.

அந்த வெளிச்சத்துக்குள் மின்னல் நடந்து வந்தாள்.

திரைக்குப் பின்னாலேயே வாழ்ந்தவள் அவள். இத்தனை கண்கள் அவளைப் பார்த்ததே இல்லை. கால் ஒரு கணம் கூசியது. பிறகு தரையைப் பார்த்தாள். பலகை இடுக்கு தெரிந்தது, ஆணித்தலை தெரிந்தது, மேடை விளிம்பு சுத்தமாகத் தெரிந்தது. அட, எவ்வளவு சுலபம்!

"ஆணி, தள்ளு" என்றாள்.

படி அசைந்தது. மொத்த வீடும் அசைந்தது. ஜன்னல், கதவு, மேலே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு திகைத்து நிற்கிற பெண் எல்லாம் சேர்ந்து மெல்லச் சுற்றின. கீழே ஒல்லிக்குச்சியாக ஒருத்தி, தன்னைப்போல் பல மடங்கு பெரிய வீட்டை இழுத்துக்கொண்டு போகிறாள். கொட்டகையில் யாரும் இருமக்கூட இல்லை. விளிம்பு வந்தது. மின்னல் அதைப் பார்த்தாள், திரும்பினாள், நிறுத்தினாள். புது வீடு வந்து நின்றது.

அப்புறம் கை தட்டினார்கள் பாருங்கள், கூரை பிய்ந்துவிடும் போலிருந்தது. அதையும் தாண்டி மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல்: "என் பொண்ணு! அது என் பொண்ணு!"

"மாமா, உக்காருங்க, மானம் போகுது" என்று சட்டையைப் பிடித்து இழுத்த அண்ணியும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இழுத்தாள்.

*

இடைவேளை. சாமான் அறையில் பழைய ராஜா நாடகத்துச் சிம்மாசனத்துக்கும் உடைந்த கடிகாரத்துக்கும் நடுவில் அண்ணி ரொட்டியில் வெண்ணெயைப் பூசினாள். பூசினாள் என்று சொல்லக் கூடாது, சுவர் கட்டினாள். மின்னல் என்சைம் மாத்திரைகளை விழுங்கிவிட்டுக் கடித்தாள். வெண்ணெய் நாக்கில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"திட்டுங்க அண்ணி" என்றாள், வாய் நிறைய ரொட்டியோடு.

"முதல்ல தின்னு. திட்டறதுக்கு ஆயுசு இருக்கு."

கதவு திறந்தது. அப்பா. பாராட்டுவதற்காக இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தவர், அப்படியே நின்றார்.

"வெண்ணெயா?"

அண்ணி அவசரமாக வெண்ணெயைக் கைக்குட்டையால் மூடினாள்.

"மின்னல், நம்ம ஒப்பந்தம் என்ன ஆச்சு?" விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "என்னம்மா? என்ன ஆச்சு? சொல்லுங்க."

நாடகம் முடியும்வரை மறைக்கலாம் என்றிருந்தது நடக்கவில்லை. அண்ணி சொன்னாள். மெதுவாக, சின்னக் குழந்தைக்குக் கணக்குச் சொல்லித்தருவதுபோல் சொன்னாள். கொழுப்பு இல்லாமல் வைட்டமின் உடம்பில் ஒட்டாது. ஒட்டாததால் இருட்டில் கண் தெரியவில்லை. சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இனிமேல் இவள் தட்டு வேறு, உங்கள் தட்டு வேறு.

அப்பா சிம்மாசனத்தில் உட்கார்ந்தார்.

"எனக்காகவா?" என்றார். "நான் அடம்பிடிச்சேன்னா?"

"அப்பா, அழாதீங்க. உங்க நெஞ்சு நல்லா இருக்கில்ல? அது போதும். நீங்க ஒழுங்கா பத்தியம் இருந்தீங்களே, அதுக்காக இன்னொரு வருஷம்கூட நான்..."

அவள் முடிக்கவில்லை. கதவைக் காலால் தள்ளிக்கொண்டு, கொட்டகைக்கு எதிரே உள்ள டீக்கடைக்காரர் உள்ளே வந்தார். இடைவேளையில் கொட்டகை ஆட்களுக்கு டீ கொண்டுவருகிறவர். தட்டில் டீயும், ஒரு பக்கம் எண்ணெய் மினுங்கப் பொரித்த உருளைக்கிழங்குப் பொட்டலங்களும். சிம்மாசனத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, சார்! இங்கயா இருக்கீங்க? சாயங்காலம்தானே வருவீங்கன்னு நினைச்சேன். இந்தாங்க, உங்க பொட்டலம், சுடச்சுட." பொட்டலத்தை அப்பா கையில் வைத்துவிட்டு மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "சார் நம்ம தினசரி வாடிக்கை. ஒரு நாள் தப்பமாட்டார்."

அவர் டீயை வைத்துவிட்டுப் போய்விட்டார், பாவம். போட்ட குண்டு இன்னதென்று அவருக்குத் தெரியாது.

"தினசரியா?" என்றாள் அண்ணி. "அதானே பார்த்தேன்! ஒரு சொட்டு எண்ணெய் இல்லாம சமைச்சும் உங்க ரத்தத்துல கொழுப்பு இறங்கலையேன்னு டாக்டர் தலையைப் பிச்சிக்கிட்டார். நான் வேகவைக்கற தண்ணியைக்கூட சந்தேகப்பட்டேன், மாமா!"

மின்னல் மெல்லுவதை நிறுத்தினாள். பாதி கடித்த ரொட்டி கையில் இருந்தது. கோபம் காதுவரை ஏறியது. இருட்டில் அவள் சுவரில் மோதிக்கொண்ட நாள்களெல்லாம் ஞாபகம் வந்தன. ஒரு துளி வெண்ணெய்க்கு நாக்கு ஏங்கியபோதெல்லாம், 'அப்பா பாவம், அவரே விட்டுட்டார்' என்று தன்னை அடக்கிக்கொண்டது ஞாபகம் வந்தது.

"எப்போலேர்ந்துப்பா?"

அப்பா பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சாயங்காலம் நடக்கச் சொன்னாங்க இல்லையா... உன் கொட்டகை வாசல் வரைக்கும் வருவேன். நீ உள்ள இருப்பியேன்னு சும்மா பார்த்துட்டு நிப்பேன். வாசனை வரும். முதல் நாள் ஒண்ணுன்னு... அப்புறம்..." நிமிர்ந்தார். கண் நிறைந்திருந்தது. "என் பத்தியத்தை நீ இருந்துட்ட, மின்னல். உன் மருந்தை நான் தின்னுட்டேன்."

மணி அடித்தது. இரண்டாம் பாதிக்கு முதல் மணி. வெளியே டைரக்டர் அம்மாளின் குரல் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது. "மின்னல்! எங்கடி போன?"

மின்னல் மிச்ச ரொட்டியை வாயில் திணித்து மென்றாள். விழுங்கினாள். கையைத் துடைத்துக்கொண்டு கதவுவரை போனாள். திரும்பினாள். அவள் கன்னம் நனைந்திருந்தது, ஆனால் குரல் கணீரென்று இருந்தது.

"அண்ணி, அவரை எங்கயும் விடாதீங்க. அப்பா, நாடகம் முடியட்டும். உங்ககூட எனக்கு ஒரு வருஷத்துச் சண்டை பாக்கி இருக்கு."